மேற்கே போய்ச் சொன்ன மறுமொழிகள்

வாப்பாவை அடக்கும் முன் நடந்த ஜனாஸாத் தொழுகைக்குப் பிறகு ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து அவரைப் பற்றிப் பேசினார். மர்ஹூம் கச்சிமுகம்மது மிக அமைதியானவர், தன் வாழ்நாளில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்றார். பள்ளிவாசல் ஒலிபெருக்கி நல்ல நிலையில் இருந்தது. வீட்டில் பெண்களுக்கு நடுவே இருந்த எனக்கும் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் இருந்த அயல்வீட்டு உம்மு ராத்தா என் தொடையைக் கிள்ளினார்.

“கிட்டங்கிக்கு அங்கால நிக்கிற கொக்குகளக் கூட்டி வந்து சாட்சி கேக்கோணும், புள்ள.”

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். மற்றப் பெண்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஓதிய தண்ணீர் தேடினார்கள். அந்தப் பேச்சில் விடுபட்டதை இங்கே எழுதுகிறேன். ஒலிவாங்கி எங்கள் பக்கம் வராது.

வாப்பா கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். முப்பது வருடத்துக்கு மேல் அதே மேசைக்குப் பின்னால் நின்றார். வாடிக்கையாளர் நிறம் சரியில்லை என்றால் “ஓம்” என்பார். விலை கூட என்றால் “ஓம்” என்பார். முதலாளி திட்டினாலும் அதுதான். பின்னேரம் சாய்ந்தமருதுக்கு வந்து உம்மாவிடம் மிச்ச ஓம்களைச் சொல்வார்.

உம்மாவின் பெயர் ஹப்ஸா. வீடு அவருடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து இருப்பவன். வாப்பா முப்பது வருடமும் வந்து இருந்தார். உம்மாவுக்குக் குரல் பெரிது, ஞாபகம் அதைவிடப் பெரிது. கல்யாணத்தன்று வாப்பாவின் தம்பி இரண்டு தரம் சோறு கேட்டது முதல் எல்லாம் அவரிடம் பத்திரமாக இருந்தது. வாப்பா பதில் சொல்ல வாயைத் திறப்பார். அதற்குள் உம்மா அடுத்த விடயத்துக்குப் போயிருப்பார்.

2004இல் கடல் ஊருக்குள் வந்த காலையில் உம்மா அவரைக் கோழிகளுக்குத் தவிடு வாங்க அனுப்பியிருந்தார். முதல் நாள் வாப்பா மறந்துவிட்டார். அதற்கான ஏச்சோடுதான் அனுப்பினார். வாப்பா நற்பிட்டிமுனைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் வரிசையில் நின்றார். சனம் ஓடி வருவதைக் கண்டு, வாங்கிய மூட்டையை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பினார். நான் வேலை விடயமாகக் கொழும்பில் இருந்தேன். நான் வந்து பார்த்தபோது வீடு அத்திவாரமாக மட்டுமே இருந்தது. உம்மாவின் உடல் கிடைக்கவில்லை. கோழிகளில் ஒன்று மட்டும், ஒரு செம்பட்டைக் குஞ்சுக் கோழி, இடிபாடுகளுக்கு நடுவே நடந்து வந்தது. எங்கே இருந்தது, எப்படித் தப்பியது என்று யாருக்கும் தெரியாது. எங்களைப் பிந்தி வந்தவர்களைப் போலப் பார்த்தது.

பிறகு தற்காலிகக் குடில்கள். பலகைச் சுவர், தகரக் கூரை. ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் உம்மு ராத்தா. அவர் தும்மினால் வாப்பா இந்தப் பக்கமிருந்து துஆச் சொல்வார். வாப்பா மூக்கை உறிஞ்சினால் அந்தப் பக்கமிருந்து ஒரு கோப்பை பிளேன்ரீ வரும். அதோடு ஆறுதலும் வரும். கொஞ்ச நாளில் கல்யாணப் பேச்சும் வந்தது. மனைவி போனால் மாப்பிள்ளைக்கு வீடும் போகிறது. ஆகவே அவருக்கு ஒரு வீடு தேடினார்கள். வீட்டோடு ஒரு பெண்ணும் இருப்பார்.

“பொலன்நறுவையில ஒரு விதவ இரிக்கி, கச்சிக் காக்கா. அமைதியான புள்ள,” என்று ஒருவர் சொன்னார்.

“அமைதியா? அப்ப வேணாம்,” என்றார் வாப்பா. அவர் எதிர்த்துச் சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். பலகைக்கு அந்தப் பக்கம் உம்மு ராத்தா சிரித்தது கேட்டது.

அந்த வருடம் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் சைக்கிள் கொடுத்தது. கொள்கலன் நிறையப் பழைய சைக்கிள்கள். வாப்பாவின் முறை வந்தபோது ஒன்றே மிஞ்சியிருந்தது. வேறு யாரும் எடுக்காதது. கைபிடி கடாக் கொம்பு போலக் கீழே வளைந்திருந்தது. பின்சில்லில் ஏழு பற்சக்கரம், முன்னால் மூன்று. கரியர் இல்லை. கரியர் இல்லாத சைக்கிளை எங்கள் ஊரில் சைக்கிள் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தொலைதூரம் ஊர் சுற்றுவதற்கென்றே செய்த சைக்கிள் அது என்று நான் விளக்கினேன். நான் தொலைபேசி நிறுவனமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கோபுரம், கேபிள், அன்டெனா என் வேலை. பற்சக்கரமும் கொஞ்சம் புரியும்.

“ஊர் சுத்த ஒரு சைக்கிளா?” என்றார் வாப்பா. “அதுக்கு இவ்வளவு பல்லா?”

இரும்பு ஒட்டும் ஒருவரிடம் கொண்டுபோய் கரியர் பூட்டினார். மறுநாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு ஏறியவர் மத்தியானம்தான் வந்தார். எங்கே போனீர்கள் என்றேன். மேற்கே என்றார். அதற்குப் பிறகு அநேகமாக ஒவ்வொரு நாளும்.

கல்முனையிலிருந்து மேற்கே போனால் நற்பிட்டிமுனை, பிறகு சேனைக்குடியிருப்பு, பிறகு கிட்டங்கித் தாம்போதி. ஆற்றுக்கு மேல் தாழப் போட்ட கொங்கிறீட் பாதை அது. மாரியில் தண்ணீர் அதன்மேல் ஓடும். அதைக் கடந்தால் சவளக்கடை, நாவிதன்வெளி, வாய்க்கால் கட்டுகள், கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல் வட்டை. 2006இல் சண்டை மறுபடி தொடங்கியதும் பஸ் நின்றது. லொறி நின்றது. மோட்டார் சைக்கிள்காரர்கள் வீட்டில் இருந்தார்கள். இந்த யுத்தம் செய்த ஒரே உபகாரம் என்று வாப்பா அதைச் சொல்வார். வாய்க்கால் கட்டில் மைல் கணக்காக ஓடலாம். எதிரே ஒரு எருமை வந்தால் அதுதான் நெரிசல். மருத மர நிழல், மடையில் விழும் தண்ணீர், மீன்கொத்தி. விதைப்புக் காலத்தில் சேறும் ஆளும். கதிர் பால் பிடிக்கும் காலத்தில் கிளி விரட்டும் தகர டப்பா ஓசை. மற்றபடி ஒன்றுமில்லை.

காற்று மட்டும் அவருக்குச் சாதகமாக இருக்கவில்லை. காலையில் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். மத்தியானம் கடலிலிருந்து தரைக்கு அடிக்கும். போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. கியரை மாற்றிப் பாருங்கள் என்றேன். “எனக்குப் பழக்கம்தானே, மகள்,” என்றார்.

தாம்போதிக்கு அங்கால் ஒரு இராணுவக் காவலரண் இருந்தது. சண்டை தொடங்கிய பிறகு அங்கே எல்லோரிடமும் ஒரே கேள்வி: எங்கே போகிறாய், எதற்கு? வாப்பா முதல் நாள் உண்மையைச் சொன்னார்.

“சும்மா.”

திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு முன்னால் நின்றவர் கையில் கோழி வைத்திருந்தார். விற்கப் போவதாகச் சொன்னார். விட்டுவிட்டார்கள். மறுநாள் வாப்பா உம்மாவின் செம்பட்டைக் கோழியைக் கூடையில் போட்டுக் கரியரில் கட்டினார். “கோழி விக்க,” என்றார். வீதித் தடை உயர்ந்தது.

அதன் பிறகு அந்தக் கோழி நாள்தோறும் விற்கப் போனது. நாள்தோறும் திரும்பி வந்தது. அம்பாறை மாவட்டத்தில் அவ்வளவு ஊர் பார்த்த கோழி வேறு இருக்காது. முட்டையும் வழியிலேயே இட்டது. உம்மா தன் கோழிகளைக் கறியாக்க ஒருநாளும் விட்டதில்லை. பெருநாளுக்குக்கூடக் கடைக் கோழிதான். அந்தச் சட்டம் அவர் போன பிறகும் அமுலில் இருந்தது.

காவலரணுக்குப் பொறுப்பாக இருந்த கோப்ரல் தெகியத்தகண்டியக்காரர், வயல் குடும்பம். உடைந்த தமிழ் கதைப்பார். வாப்பாவை மாமா என்பார். ஒருநாள் புத்தாண்டு வருகிறது, கோழியைத் தானே வாங்குவதாகச் சொன்னார். வாப்பா விற்க மாட்டேன் என்றார்.

“மாமா, விக்கத்தானே கொண்டு போறது?”

“ஓம்.”

“அப்ப குடுங்க.”

“இது அங்கால விக்கிற கோழி.”

கோப்ரல் கோழியைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், தடையை உயர்த்தினார். ஆனால் மனதில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் வாய்க்கால் கட்டில் சுற்றுக்காவல் போனவர்கள் வாப்பாவைப் பிடித்து வந்தார்கள். ஆளில்லாத வீதியில், சைக்கிளில் போய்க்கொண்டே, யாருடனோ உரத்த குரலில் நீண்ட நேரம் கதைத்தார் என்பது குற்றம்.

செய்தி வந்ததும் நான் முச்சக்கர வண்டி பிடித்துப் போனேன். மரத்தடியில் சாக்கு விரித்து, அதன்மேல் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கைபிடியிலிருந்து பின்சில்லுக்குப் போகும் கம்பிகளை உருவி வைத்திருந்தார்கள். பக்கத்தில் வாப்பா ஒரு வெற்றுப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். கோழி அவர் மடியில் இருந்தது. அதையும் சோதித்திருந்தார்கள்.

கோப்ரல் கம்பியைத் தூக்கிக் காட்டினார். “இது அன்டெனா?”

“கியர் கேபிள்,” என்றேன்.

“இவ்வளவு கியர் எதுக்கு?”

“அவருக்கும் தெரியாது.”

“மகள் என்ன வேலை?”

சொன்னேன். தொலைத்தொடர்பு. கோப்ரல் கம்பியை மெதுவாகக் கீழே வைத்தார். இரண்டு சிப்பாய்கள் கொஞ்சம் நெருங்கி வந்தார்கள். என் வாழ்க்கையில் என் தகுதிச் சான்றிதழ் எனக்கு எதிராக வேலை செய்தது அன்றுதான்.

நான் நட் திருகும் சாவி கேட்டு வாங்கி, அவர்களுக்கு முன்னால் சைக்கிளைத் திரும்பப் பூட்டினேன். கம்பி இங்கே தொடங்கி இங்கே முடிகிறது, மின்கலம் இல்லை, ஒலிவாங்கி இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். சில்லைச் சுழற்றிக் கியர் மாற்றினேன். அந்த ஏழு பற்சக்கரங்களும் வேலை செய்வதை வாப்பாவே அன்றுதான் பார்த்தார்.

கோப்ரல் ஒப்புக்கொண்டார். ஆனால் கேள்வி மிச்சம் இருந்தது. “சரி, ரேடியோ இல்ல. அப்ப மாமா யாரோட கதைக்கிறது?”

எனக்கும் தெரியாது. வாப்பாவைப் பார்த்தேன். அவர் கோழியின் இறகைத் தடவிக்கொண்டிருந்தார். வீதிக்குப் போவதற்கு அந்தத் தடைதான் ஒரே வழி. இன்று சரியான பதில் இல்லாவிட்டால் அது இனி உயராது. அது அவருக்குத் தெரியும். மகளுக்கு முன்னால் உண்மையைச் சொல்லவும் அவருக்கு விருப்பமில்லை.

“பொஞ்சாதியோட,” என்றார்.

“அவங்க எங்க?”

“கடல்ல போயிட்டா.”

கோப்ரல் கடல் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு கேட்டார். “என்ன கதைக்கிறது?”

“மறுமொழி. அவ சொன்ன எல்லாத்துக்கும் எனக்கிட்ட மறுமொழி இரிந்திச்சி. சொல்ல இடம் கிடைக்கல்ல. இப்ப கல்யாணம் முடிச்ச வருசத்துல இருந்து வரிசையாச் சொல்லிக்கிட்டு வாறன். கேம்புல சொல்ல ஏலாது, பலகைக்கு அங்கால ஆள் இரிக்கி. றோட்டுலதான் ஆள் இல்ல.”

“கடல்ல போனா, மாமா, கடல் பக்கம் போய்த்தானே கதைக்கணும்? ஏன் இந்தப் பக்கம்?”

வாப்பா அவரை இரக்கத்தோடு பார்த்தார். “நீங்க கல்யாணம் முடிக்கல்லயா, தம்பி?”

“இல்ல.”

“கடல் பக்கம் போய்ச் சொன்னா அவ கேட்டுருவா.”

கோப்ரல் அதைச் சிங்களத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். கல்யாணமான சிப்பாய் ஒருவன்தான் முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சாவியைப் பிடித்தபடி நின்றேன். அலைச் சத்தம் கேட்காத இடம் வரும்வரை அவர் மிதிக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“இப்ப எந்த வருசம்?” என்றார் கோப்ரல்.

“எழுபத்தெட்டு, சூறாவளி வருசம். கூரை பறக்கக்குள்ள நான் நித்திர கொண்டண்டு அவ சொன்ன. நான் கொள்ளல்ல. கண்ண மூடிக் கலிமாச் சொல்லிக்கிட்டு இரிந்தன்.”

அதற்குப் பிறகு காவலரணில் எங்கே போகிறாய் என்ற கேள்வி வாப்பாவுக்கு இல்லாமல் போயிற்று. கோப்ரல் தடையைப் பிடித்துக்கொண்டு “மாமா, இண்டைக்கி எந்த வருசம்?” என்பார். வாப்பா வருடத்தைச் சொல்வார். கோழி மட்டும் பழக்கத்துக்குக் கூடவே போனது. ஒருநாள் வாப்பா “எண்பத்தி மூணு” என்றபோது கோப்ரல் முகம் சுருங்கி, அது கெட்ட வருசம் என்றாராம். “ஓம் தம்பி, சரியான கெட்ட வருசம். அவட உம்மா வந்து எங்களோட ஆறு மாசம் இரிந்த,” என்றாராம் வாப்பா.

பள்ளிவாசலில் தொழுதவர்களைச் சுட்ட தொண்ணூறாம் ஆண்டு மட்டும் நீண்ட நாள் எடுத்தது. அந்த நாட்களில் திரும்பி வந்தால் மற்ற நாட்களைப் போலத் தொண்டை கட்டியிருக்காது. அங்கே பேசாமல் ஓடியிருக்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். 

இதற்கிடையில் எங்களுக்குக் கடலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீடு கிடைத்தது, என் பெயரில். உம்மு ராத்தாவுக்கும் பக்கத்திலேயே. இப்போது நடுவில் கல் சுவர். வாப்பாவுக்கு ஒரு அறை இருந்தது, கதவும் இருந்தது. ஆனாலும் காலையில் சைக்கிளில் ஏறினார். சுவரைத் தாண்டிக் கேட்கும் காதுகள் உம்மு ராத்தாவுடையவை மட்டுமல்ல என்றார்.

2009இல் யுத்தம் முடிந்தது. ஊரில் வெடி கொளுத்தினார்கள். அடுத்த வருடம் காவலரணைக் கழற்றினார்கள். கோப்ரல் மாற்றலாகிப் போகும் நாளில், ஊரில் அம்மா தனிய இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னாராம். வாப்பா கூடையை அவிழ்த்துக் கோழியைக் கொடுத்தார்.

“விக்கிறதா, மாமா?”

“இல்ல. கொண்டு போங்க. வளக்கோணும். கறி வைக்கப்படாது.”

வெறுங்கூடையோடு வந்த வாப்பா அன்று முழுவதும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். “இத அவக்கிட்ட எப்பிடிச் சொல்ற?” என்றார். என்னிடம் கேட்டாரா என்று தெரியவில்லை.

சமாதானம் வீதிக்கு வந்தது. சல்லிக்கல் வீதி தார் போட்டுக் காபட் ஆனது. டிப்பர் வந்தது, பஸ் வந்தது, தென்பகுதியிலிருந்து வான் வண்டிகளில் சனம் வந்து வயலைப் படம் எடுத்தது. ஒருமுறை கொழும்பிலிருந்து சைக்கிள் சுற்றுலாக் கூட்டம் ஒன்று வந்தது. தலையில் கவசம், பின்புறத்தில் பஞ்சு வைத்துத் தைத்த காற்சட்டை. வாப்பாவின் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, அங்கிள் எங்கே போகிறீர்கள் என்று ஒருவர் தமிழில் கேட்டார். வாப்பா பழக்கதோசத்தில் “கோழி விக்க,” என்றார். அவர்கள் வெறுங்கூடையைப் பார்த்துவிட்டு, விற்று முடித்ததற்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

அவரால் இரண்டு வசனம் சேர்ந்தாற்போலச் சொல்ல முடியவில்லை. ஒரு முக்கியமான பதிலின் நடுவில் டிப்பர்காரன் ஹோர்ன் அடித்தான். வாப்பா வயலுக்குள் இறங்கிவிட்டார். முழங்கால் சிராய்ப்போடு வந்தவருக்கு நான் மருந்து போட்டேன்.

“எந்த வருசத்துல நிக்கிறீங்க, வாப்பா?”

“ரெண்டாயிரத்தி நாலு. மார்கழி.”

“அப்ப முடியப் போகுது.”

“ஒண்டுதான் மிச்சம். அதுக்கு மறுமொழி இல்ல.”

அந்தக் காலையில் உம்மா சொன்னதை அப்போதுதான் எனக்குச் சொன்னார். வாசலில் நின்று சொன்னாராம். “கோழிக்குத் தவிடு மறந்த மனிசன். நாளைக்கு என்னயும் மறந்திருவீங்க.” வாப்பா வழக்கம்போல “ஓம்” என்றுவிட்டுப் படியிறங்கினார். அதுதான் அவர் உம்மாவிடம் சொன்ன கடைசி வார்த்தை.

நான் சிராய்ப்பில் பஞ்சை மறுபடி ஒற்றினேன்.  

சில நாள் அவர் எங்கும் போகவில்லை. பிறகு ஒரு காலை மேற்கே போய் சீக்கிரமே திரும்பி வந்தார். கரியரில் ஒரு மூட்டை, பழைய ரியூப் வாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“மகள், இண்டைக்கி கிழக்கால போறன். நீயும் வா.”

எங்கள் பழைய வளவுப் பக்கம் இப்போது யாரும் போவதில்லை. கட்டக் கூடாது என்று ஒதுக்கிய நிலம். அத்திவாரங்கள், தலையில்லாத தென்னைகள், அடம்பன் கொடி. ஊரில் வாகனம் வராத இடம் அது ஒன்றுதான் மிச்சம். மெல்லிய சில்லு மணலில் புதைந்தது. வாப்பா இறங்கித் தள்ளினார். நான் பின்னால் பிடித்துத் தள்ளினேன். ஈர மணல் வரை போய் சைக்கிளை நிறுத்தினார். கால்தாங்கி மணலில் இறங்கியது; சைக்கிள் சாய்ந்தது. அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தொப்பியைச் சரிசெய்தார். முதலாளி முன்னால் நிற்பவரைப் போல நின்றார்.

“ஹப்ஸா,” என்றார். வயல்வெளியில் சிப்பாய்களைப் பயமுறுத்திய குரல் இல்லை அது. பழைய குரல். “மறக்கல்ல. இந்தா, தவிடு கொண்டு வந்திரிக்கன்.”

மூட்டையில் கையை வைத்துக் காட்டினார். கொஞ்சம் பொறுத்தார். உம்மா கதைத்த காலத்தில் இடைவெளி கிடைக்குமா என்று பார்ப்பது போலவே பொறுத்தார்.

“கோழிதான் இல்ல. ஒரு பொடியனுக்குக் குடுத்திட்டன்.”

அலை ஒன்று மற்றதைவிட மேலே ஏறி வந்தது. எங்கள் காலை நனைத்து, சில்லைச் சுற்றி, மூட்டையின் அடியையும் நனைத்துவிட்டுத்தான் போனது. வாப்பா பதறிச் சைக்கிளைப் பின்னால் இழுத்தார்.

“பாத்தியா, மகள்,” என்றார். “இதுக்குத்தான் நான் அங்கால போய்க் கதைச்ச.”